பழைய பேஸ் கிட்டார்களின் ஒலியில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேள்வி இதுதான்: ஐம்பது முதல் எழுபது ஆண்டுகளுக்கு முன் வரைந்த நாலைந்து வடிவமைப்புகளையே பேஸிஸ்டுகள் இன்னும் தேடிப் போகிறார்களே, அவற்றின் ஒலியில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது மரமா, பிக்கப்பா (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்), தந்தியா? இல்லை, வெறும் பெயர் மோகமா?

இருக்கிறது. அதில் பெரும்பகுதியை அளவுகோலை வைத்தே அளந்துவிடலாம், ஏனென்றால் தந்தியின் எந்த இடத்துக்கு நேர் கீழே பிக்கப் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முதல் காரணம். தந்தியும் விரலும் அதற்குச் சமமாக நிற்கும். பிறகு மின்சுற்று, பிறகு நெக் (கழுத்து). பாடி (உடல்) மரத்துக்கு நான் கடைசி இடம்தான் தருவேன். பெயர் மோகமும் உண்டு, ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதற்கும் ஒரு நியாயம் தெரியும்.

காது எதைக் கேட்கிறது

நான்கு தந்தி பேஸில் ஈ தந்தியைத் திறந்து மீட்டினால் அடிப்படை அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ். ஏ தந்தி 55, டி 73.4, ஜி 98. இவ்வளவு தாழ்வான இடத்தில் மனிதக் காது மந்தமானது. சின்ன ஸ்பீக்கர்கள் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே மாட்டா. ஆனாலும் ஒரு சின்ன ரேடியோவில் பாட்டுக் கேட்கும்போது பேஸ் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடுகிறது. ஈ தந்தியோடு 82, 124, 165, 206 ஹெர்ட்ஸ் என்று ஹார்மோனிக்குகள் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள்) வரிசையாக வருகின்றன. அவற்றுக்கு நடுவே உள்ள சீரான இடைவெளியை வைத்து, வராத அடிச்சுரத்தை மூளை தானே போட்டுக்கொள்கிறது.

மேடைகளில் பெயர் பெற்ற ஆம்பெக் எட்டு ஸ்பீக்கர் கேபினட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள், மூடிய பெட்டி, சுமார் நாலடி உயரம். அதுவும் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிந்துவிடுகிறது. பல ஆண்டுகளாக மேடையில் 'நெஞ்சில் இடிக்கிறது' என்று சொல்லப்பட்ட ஒலியில் ஈ தந்தியின் அடிப்படை அதிர்வு முழு அளவில் இல்லவே இல்லை.

ஆக, நல்ல பேஸ் ஒலி என்று நாம் சொல்வது 80 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை ஹார்மோனிக்குகள் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்பதையும், 700 முதல் 1,000 வரை எவ்வளவு உறுமல் இருக்கிறது என்பதையும்தான். இந்தப் பங்கீட்டை முதலில் தீர்மானிப்பது பிக்கப்பின் இடம்.

பிக்கப் எங்கே இருக்கிறது

கொஞ்சம் கணக்கு. தந்தியில் அலை ஓடும் வேகம் = 2 × தந்தி நீளம் × அதிர்வெண். வழக்கமான 34 அங்குல பேஸில் தந்தி நீளம் 86.4 செ.மீ. எனவே ஈ தந்தியில் அலை விநாடிக்குச் சுமார் 71 மீட்டர் ஓடுகிறது. ஏ தந்தியில் 95, டி தந்தியில் 127, ஜி தந்தியில் 169.

பிரிட்ஜிலிருந்து (பாடியில் தந்தியைத் தாங்கும் பாலம்) பிக்கப் இருக்கும் தூரத்தை இரண்டால் பெருக்கி, அதைக் கொண்டு இந்த வேகத்தை வகுத்தால் ஓர் அதிர்வெண் கிடைக்கும். அந்த அதிர்வெண்ணில் பிக்கப் செவிடு: தந்தி அங்கே அசையாமல் நிற்கும் புள்ளி பிக்கப்புக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. அதற்குப் பாதி அதிர்வெண்ணில் பிக்கப்புக்கு நன்றாகக் காது கேட்கும்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இடது கை எந்த ஃப்ரெட்டில் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) இருந்தாலும் இந்த மேடும் பள்ளமும் நகர்வதில்லை. சுரம் மாறும், ஆனால் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு நிலையான வடிகட்டி அப்படியே நிற்கும். மனிதக் குரலை ஆளுக்கு ஆள் அடையாளம் காட்டுவதும் இதே போல நிலையாக நிற்கும் மேடுகள்தான். ஒரு கருவிக்குத் 'தனிக்குரல்' இருக்கிறது என்று பேஸிஸ்டுகள் சொல்வது கற்பனை இல்லை.

காகிதத்தில் வரும் பள்ளம் கூர்மையானது. நிஜத்தில் பிக்கப்புக்கு அகலம் இருப்பதால் அது மழுங்கிவிடும். தந்தியை எங்கே மீட்டுகிறோம் என்பதும் இதே விதிப்படி இன்னொரு வடிகட்டியாகச் சேர்ந்துகொள்ளும்.

பிரிசிஷன் பேஸ்

லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட முதல் பிரிசிஷன் பேஸில் ஒற்றைக் காயில் (கம்பிச் சுருள்) பிக்கப்தான். இன்று பி-பேஸ் என்றால் எல்லாரும் நினைக்கும் இரண்டு துண்டு பிக்கப் 1957இல் வந்தது. ஈ, ஏ தந்திகளுக்கு ஒரு துண்டு, டி, ஜி தந்திகளுக்கு ஒரு துண்டு. இரண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை, அதனால் மின் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒவ்வொரு தந்திக்கும் இரண்டு காந்தக் கம்பங்கள். தந்தி அவற்றுக்கு நடுவே அதிர்வதால் மீட்டிய கணத்தின் கூர்மை சற்றுத் தணிகிறது.

ஈ, ஏ தந்திகளுக்கான துண்டு பிரிட்ஜிலிருந்து சுமார் 14 செ.மீ. தள்ளி இருக்கிறது. மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். ஈ தந்தியில் பள்ளம் 250 ஹெர்ட்ஸை ஒட்டி, மேடு 125ஐ ஒட்டி. ஏ தந்தியில் மேடு 170 அளவில். அதாவது ஈ தந்தியின் தாழ்ந்த சுரங்களில் 82, 124, 165 ஆகிய மூன்று ஹார்மோனிக்குகளும் கொழுத்து வருகின்றன. கிக் டிரம்மின் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அடி பெரும்பாலும் 50 முதல் 80க்குள். கிட்டாரும் கீபோர்டும் மொய்க்கும் இடம் 250க்கு மேல். இரண்டுக்கும் நடுவே காலியாகக் கிடக்கும் இடத்தில் பி-பேஸ் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஒலிப்பதிவுக்காரர்கள் 'ஃபேடரை ஏற்றினால் போதும், வேறு எதுவும் செய்ய வேண்டாம்' என்று இந்தக் கருவியைப் புகழ்வது இதனால்தான்.

டி, ஜி துண்டு பிரிட்ஜை நோக்கிச் சற்று நகர்ந்திருப்பதால் மேல் தந்திகள் இறுக்கமாக ஒலிக்கும். சிலர் இந்த இரண்டு துண்டையும் இடம் மாற்றிப் பொருத்துவார்கள். அப்போது ஈ தந்தி தெளியும், ஜி தந்தி பருக்கும். ஐந்து தந்தி பேஸில் தாழ்ந்த பி தந்தி குழம்பிப் போனால் இந்த மாற்றம் பயன்படும். பழைய ஒலி வேண்டுமென்றால் தொடாதீர்கள்.

ஜாஸ் பேஸ்

1960இல் வந்தது. நட் (நெக்கின் மேல்முனையில் தந்திகள் பதியும் பட்டை) அருகே நெக்கின் அகலம் 38 மி.மீ.தான், அக்கால பி-பேஸில் 44 மி.மீ. விரைவாக வாசிப்பவர்கள் இதற்கு மாற இந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது. ஒலியைப் பொறுத்தவரை இதில் இரண்டு ஒற்றைக் காயில் பிக்கப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம்.

பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் திறந்தால் மேடு ஈ தந்தியில் 300 ஹெர்ட்ஸை ஒட்டியும் ஏ தந்தியில் 400ஐ ஒட்டியும் வரும். அடிப்படை அதிர்வு நெக் பக்கத்துப் பிக்கப்பில் கிடைப்பதில் பாதிக்கும் குறைவு. மூக்கால் பேசுவது போன்ற அந்த ஒலி இங்கிருந்துதான் வருகிறது. தனியாகக் கேட்டால் ஒல்லி, கூட்டத்தில் ஒவ்வொரு சுரமும் தெளிவு. ஜாக்கோ பஸ்டோரியஸ் 1970களில் எல்லாரையும் திரும்பிப் பார்க்கவைத்தது ஃப்ரெட் நீக்கிய 1962 ஜாஸ் பேஸில், பெரும்பாலும் இந்தப் பிக்கப்பில்தான். விரலையும் அதற்கு மேலேயே வைத்து மீட்டுவார். ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) தந்தி மரத்தை அரித்துவிடும் என்பதால் விரல்பலகைக்கு எபாக்ஸி பூசினார். கெட்டியான அந்தப் பூச்சு ஒலியின் நீட்சிக்கும் பாடும் தன்மைக்கும் உதவியது.

இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்தால் வேறொன்று நடக்கும். இரண்டுக்கும் இடைவெளி 9 செ.மீ. சொச்சம். சில அதிர்வெண்களில் ஒன்று மேலே என்னும்போது மற்றது கீழே என்னும், இரண்டும் கழிந்துபோகும். ஈ தந்தியில் இந்தக் கழிவு 390 ஹெர்ட்ஸ் அளவில், ஏ தந்தியில் 520, டி தந்தியில் 690, ஜி தந்தியில் 920. நடுப்பகுதி குழிந்து அடியும் (தாழ்ந்த ஒலி) நுனியும் (உயர்ந்த ஒலி) மிஞ்சுவதால் ஸ்லாப் வாசிப்புக்கு (தந்தியைக் கட்டைவிரலால் அடித்து வாசிப்பது) அருமையாகப் பொருந்துகிறது. மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸ் இந்த ஒலிக்குப் பெயர் பெற்றது. 1970களில் பிரிட்ஜ் பிக்கப்பை ஏறத்தாழ 1 செ.மீ. பிரிட்ஜ் பக்கம் நகர்த்திவிட்டார்கள். அறுபதுகளின் ஜாஸ் பேஸும் எழுபதுகளின் ஜாஸ் பேஸும் வேறு மாதிரி ஒலிப்பதற்கு ஆஷ் மரம், மேப்பிள் விரல்பலகை என்று பலதும் சொல்வார்கள். அந்த 1 செ.மீ.க்குத்தான் நான் அதிகப் பங்கு கொடுப்பேன்.

ஜாஸ் பேஸில் அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று. இரண்டு வால்யூமில் ஒன்றைச் சற்றே குறைத்தால், முழுதாக 10இலிருந்து 8க்கு, நடுப்பகுதி சட்டென்று திரும்பி வரும். கழிவு முழுமையாக நடக்க இரண்டும் சம அளவில் இருக்க வேண்டும் என்பதே காரணம். கூட்டத்தில் உங்கள் ஜாஸ் பேஸ் காணாமல் போனால் ஈக்வலைசரைத் தொடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். கூடவே கொஞ்சம் இரைச்சல் வரும், ஏனென்றால் இரைச்சல் அழிவதும் சம அளவில் இருக்கும்போதுதான்.

ஸ்டிங்ரே, ரிக்கன்பேக்கர், ஹோஃப்னர்

1976இல் மியூசிக் மேன் பெயரில் வந்த ஸ்டிங்ரேயும் லியோ ஃபெண்டரின் கைவண்ணம்தான். ஒரே ஒரு பெரிய ஹம்பக்கர் (இரைச்சலை அழிக்கும் இரட்டைக் காயில் பிக்கப்), தடித்த காந்தக் கம்பங்கள், பி-பேஸ் பிக்கப்பைவிட பிரிட்ஜுக்குக் கிட்டத்தில். இரண்டு காயிலும் இணையாக இணைக்கப்பட்டிருப்பதால் நுனி ஒலி மங்காது. உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் (சிக்னலைக் கூட்டும் சின்னச் சுற்று). இடத்தால் குறையும் அடிப்பகுதியை ப்ரீஆம்ப் கூட்டிக் கொடுக்கிறது. விளைவு இறுக்கமான அடி, கண்ணாடி போன்ற நுனி. லூயிஸ் ஜான்சனின் ஸ்லாப், பெர்னார்ட் எட்வர்ட்ஸின் டிஸ்கோ வாசிப்பு இரண்டும் இதில்தான். இதன் சிக்கல்: கை கனமாக இருந்தால் நுனி குத்தும். ட்ரெபிளை முழுதாக ஏற்றிவைத்துவிட்டு ஆம்ப்பில் குறைப்பவர்கள் பலர். தலைகீழாகச் செய்வதே சரி, இரைச்சலும் குறையும். கருவியில் கேபிளைச் செருகி வைத்திருக்கும்வரை பேட்டரி தீரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ரிக்கன்பேக்கர் 4001 வந்தது 1961இல். தந்தி நீளம் 33¼ அங்குலம். நெக்கும் பாடியின் நடுப்பகுதியும் ஒரே நீளத் துண்டு. இதன் பிரிட்ஜ் பிக்கப்பின் வழியில் 0.0047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைத் தொடராக வைத்திருந்தார்கள். அடிப்பகுதி வெட்டப்பட்டு நுனியும் மேல் நடுப்பகுதியும் மட்டும் அந்தப் பிக்கப்பிலிருந்து வரும், நெக் பிக்கப் அடியைக் கொடுக்கும். பழைய ரிக்கன்பேக்கரின் 'கணகண' ஒலிக்கு மேப்பிள் மரத்தைவிட இந்தச் சின்னக் கெபாசிட்டர் செய்தது அதிகம். கிறிஸ் ஸ்குவையர் இரண்டு பிக்கப்புகளையும் பிரித்துத் தனித்தனி ஆம்ப்புக்கு அனுப்பினார், அடிக்கு ஒன்று, உடைந்த நுனி ஒலிக்கு ஒன்று. இன்று ஒரே சிக்னலை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே சுத்தமாகவும் மற்றதில் அதற்கு மேலே டிஸ்டார்ஷனோடும் கலப்பது வழக்கமாகிவிட்டது. மொத்த சிக்னலையும் டிஸ்டார்ஷனில் தள்ளினால் அடிப்பகுதி கரைந்துவிடும் என்பதே இந்த ஏற்பாட்டின் காரணம்.

பால் மெக்கார்ட்னியால் உலகறிந்த ஹோஃப்னர் 500/1 இந்த வரிசையில் தனி ரகம். உள்ளீடற்ற பாடி, 30 அங்குலத் தந்தி நீளம். ஒரே தடிமனுள்ள தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 34க்குப் பதில் 30 என்றால் இழுவிசை 22 விழுக்காடு குறைகிறது. தொய்வான தந்தியில் மேல் ஹார்மோனிக்குகள் சீக்கிரம் சாகும். உள்ளீடற்ற பாடி அதிர்வை வேகமாக உறிஞ்சும். அதனால் சுரம் 'தும்' என்று எழுந்து சட்டென்று அடங்கும், டபுள் பேஸின் சாயல் வரும். குறைநீள பேஸை இன்று பலர் கை வலிக்காக வாங்குகிறார்கள், ஆனால் ஒலிக்காகவே வாங்கலாம். மறுபக்கம், ஐந்து தந்தி பேஸில் 35 அங்குலம் வைப்பவர்களுக்குக் கிடைப்பது 6 விழுக்காடு கூடுதல் இழுவிசைதான். தாழ்ந்த பி தந்தியின் தெளிவுக்கு அது உதவும், ஆனால் அதுவே எல்லாம் இல்லை.

கிப்சன் ஈபி-3 போன்றவற்றில் நெக்கை ஒட்டி உட்காரும் பெரிய ஹம்பக்கர் அடிப்படை அதிர்வை அள்ளிக் கொடுத்து மேலே உள்ளதை விழுங்கிவிடும். ஜாக் புரூஸ் போல ஆம்ப்பைக் கதறவிட்டால் விழுங்கப்பட்ட ஹார்மோனிக்குகளை ஆம்ப் புதிதாக உண்டாக்கிக் கொடுக்கும். சுத்தமான ஆம்ப்பில் அதே கருவி சேறு.

தந்தி: மலிவான மாற்றம், பெரிய வித்தியாசம்

ஒரு பழைய ஒலியைப் பிடிக்கக் கருவி தேடுபவர்களில் பாதிப் பேருக்குத் தேவைப்படுவது உண்மையில் ஒரு செட் தந்தி.

மோட்டவுன் இசை நிறுவனத்தின் பேஸிஸ்ட் ஜேம்ஸ் ஜேமர்சனின் ஒலியைப் பிரித்துப் பார்த்தால் 1962 பி-பேஸ் அதில் ஒரு பகுதிதான். லா பெல்லா ஃபிளாட்வவுண்ட் (தட்டைப் பட்டை சுற்றிய) தந்திகள், .052 முதல் .110 அங்குலத் தடிமன் வரையிலான கனமான செட். இன்று வழக்கமான செட் .045 முதல் .105. தந்திகளை மாற்றவே மாட்டார். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் பஞ்சு. தந்தி உயரம் அதிகம். வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒன்றே. மோட்டவுன் ஸ்டுடியோவில் பேஸ் நேராக மிக்சருக்குப் போனது. இவற்றில் தந்தி, பஞ்சு, ஒற்றை விரல் மூன்றையும் எந்த பி-பேஸ் வகைக் கருவியில் வைத்தாலும் ஒலி பெரும்பங்கு வந்துவிடும். கேரல் கேயின் வழி வேறு: ஃபிளாட்வவுண்ட் தந்தி, கெட்டியான பிக், பிரிட்ஜுக்கு அருகே தந்திமேல் ஃபெல்ட் துணி. அடங்கிய ஒலி, ஆனால் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் கூர்மை.

ரவுண்ட்வவுண்ட் எதிர்த் திசை. 1960களின் நடுவில் ஜான் என்ட்விசில் ரோட்டோசவுண்ட் தந்தி நிறுவனத்தோடு சேர்ந்து உழைத்தது, பியானோவின் தாழ்ந்த கம்பிபோல் ஒலிக்கும் தந்திக்காக. ஸ்டீல் சுற்று அதிகப் பளபளப்பு, நிக்கல் சுற்று கொஞ்சம் மென்மை. இந்தப் பளபளப்பு சில வாரங்களில் போவதற்குக் காரணம் சுற்றுகளுக்கு இடையே சேரும் வியர்வையும் அழுக்கும். கொதிநீரிலோ ஸ்பிரிட்டிலோ ஊறவைத்தால் திரும்பும், ஆனால் குறுகிய காலத்துக்கே.

தந்தி மாற்றும்போது கெட்டுப்போகும் இடங்கள்:

- ஃபிளாட்வவுண்ட் பெரும்பாலும் அதிக இழுவிசை கொண்டது. நெக் முன்னால் வளையும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் இடைவெளி பாருங்கள். 0.3 முதல் 0.35 மி.மீ. போதும். டிரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். திருப்பியதும் மறுபடி சுருதி சேர்த்து அளக்க வேண்டும். இறுகிப்போய்த் திரும்பாவிட்டால் பலம் காட்டாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.
- வெட்டுவதற்கு முன் தந்தியை 90 பாகைக்கு மடக்கிவிடுங்கள். மடக்காமல் வெட்டினால் உள்கம்பியின் மேல் சுற்று வழுக்கி, தந்தி செத்த ஒலி தரும்.
- சுற்றும்போது தந்தி தன்னைத்தானே முறுக்கிக்கொண்டால் சுரம் ஆடும். எந்த ஃப்ரெட்டிலும் சுருதி நிற்காத புதுத் தந்தியைக் கழற்றி முறுக்கை எடுத்துவிட்டு மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும்.
- பஞ்சு வைப்பதென்றால் தந்தியைத் தொட்டால் போதும். தடித்த பஞ்சு தந்தியை மேலே தள்ளினால் சுருதி ஏறும், இன்டோனேஷன் (ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் சுருதி சரியாக நிற்பது) கெடும்.

நெக், மரம், செத்த இடங்கள்

ஃபெண்டர் வகை பேஸ்களில் ஜி தந்தியின் ஐந்தாம் முதல் ஏழாம் ஃப்ரெட்டுக்குள் ஏதாவது ஒரு சுரம் மற்றவற்றைவிடச் சீக்கிரம் அடங்கிவிடும். நீளமான நெக்கும் ஹெட்ஸ்டாக்கும் (சுருதித் திருகுகள் உள்ள நெக் முனை) சேர்ந்து தமக்கென்று ஒரு அதிர்வெண்ணில் வளைந்தாடும். அந்தச் சுரம் அதோடு ஒத்துப்போனால் தந்தியின் ஆற்றலை நெக் குடித்துவிடும். ஹெட்ஸ்டாக்கில் ஒரு கிளாம்ப்பைப் பிடித்துப் பாருங்கள், செத்த இடம் ஒரு ஃப்ரெட் கீழே நகரும். எடை கூடினால் ஆடும் அதிர்வெண் குறையும், அவ்வளவுதான். நெக்கில் கிராஃபைட் கம்பி பதிப்பதும், முழு நெக்கையே கிராஃபைட்டில் செய்வதும் இதை விரட்ட வந்த வழிகள். அப்படிச் செய்த கருவிகள் எல்லாச் சுரத்திலும் ஒரே சீராக ஒலிக்கும். சிலருக்கு அந்தச் சீர்மையே பிடிப்பதில்லை. சுரத்துக்குச் சுரம் சற்று மாறும் உயிர்ப்பு வேண்டும் என்பார்கள். இங்கே சரி, தவறு கிடையாது.

பாடி மரம் ஒலியை மாற்றவே மாற்றாது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆல்டரா ஆஷா என்று யோசித்துப் பணம் செலவழிப்பதற்கு முன் பிக்கப் உயரத்தைச் சரிபார்க்க ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு அளந்தால் ஈ தந்திப் பக்கம் 2.5 முதல் 3 மி.மீ., ஜி தந்திப் பக்கம் 2 மி.மீ. நல்ல தொடக்கம். காந்தம் தந்திக்கு மிக அருகில் வந்தால் அதன் இழுப்பால் மேல் ஃப்ரெட்டுகளில் சுரம் இரட்டையாக அலையும், சுருதி நிற்காது. இந்தக் குறையோடு வரும் கருவிகளை 'இன்டோனேஷன் சரியில்லை' என்று பிரிட்ஜைத் திருகித் திருகிப் பார்ப்பார்கள். பிக்கப்பை ஒரு சுற்று இறக்கினால் முடிந்தது. மிகவும் இறக்கினாலும் தொல்லைதான்: ஒலி மெலிந்து, ஆம்ப்பை ஏற்ற வேண்டிவந்து, இரைச்சலும் கூடவே ஏறும்.

மின்சுற்றும் கேபிளும்

பேட்டரி இல்லாத ஃபெண்டர் வகை பேஸில் 250 கிலோ ஓம் பாட் (திருகினால் மின்தடை மாறும் பாகம்), டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். டோனை முழுதாகக் குறைக்கும்போது நுனி வெட்டுப்படுவதோடு வெட்டு தொடங்கும் இடத்தில், சில நூறு ஹெர்ட்ஸில், சின்ன மேடும் எழும். டோனைக் குறைத்தால் ஒலி 'உருண்டு' வருகிறது என்பது இந்த மேடு. ஆம்ப்பின் ட்ரெபிளைக் குறைத்து இதைக் கொண்டுவர முடியாது.

கேபிளும் ஒரு கெபாசிட்டர்தான். மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட், 6 மீட்டருக்கு 600. பேட்டரி இல்லாத கருவியில் கேபிள் நீளமானால் மேல் நுனி கொஞ்சம் மங்கும்; உள்ளே ப்ரீஆம்ப் உள்ள கருவியில் அநேகமாகத் தெரியாது.

பெயர் மோகத்தின் நியாயம்

அறுபதுகளிலிருந்து பதிவான பாடல்களில் பெரும்பங்கு பி-பேஸும் ஜாஸ் பேஸும் வாசித்தவை. பேஸ் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம் காது அவற்றைக் கேட்டே பழகியது. ஒலிப்பதிவுக்காரர்கள் கிக்குக்கும் கிட்டாருக்கும் இடம் ஒதுக்கும் வழக்கமும் அவற்றைச் சுற்றியே வளர்ந்தது. புதிய கருவி ஒன்று தனியாகக் கேட்க எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த ஒதுக்கீட்டில் பொருந்தாவிட்டால் 'ஏதோ குறைகிறது' என்று தோன்றும்.

கடைகளில் நடக்கும் தவறும் இதோடு ஒட்டியதுதான். தனியாக உட்கார்ந்து வாசித்தால் நடு குழிந்து அடியும் நுனியும் பெருத்த ஒலி வென்றுவிடும். டிரம்மும் கிட்டாரும் சேர்ந்ததும் அடியைக் கிக் மூடும், நுனியை சிம்பல் மூடும், பேஸ் மறையும். முரட்டுத்தனமாக, கொஞ்சம் அசிங்கமாகக்கூடத் தோன்றும் நடுப்பகுதிதான் அங்கே காப்பாற்றும்.

வாங்கும் முன் சோதிக்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஆம்ப் இல்லாமல் எல்லா ஃப்ரெட்டையும் வாசித்து, ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நேரம் நீள்கிறது என்று கேளுங்கள். ஜி தந்தியின் நான்கு முதல் ஒன்பது வரை மெதுவாக. பதினேழாம் ஃப்ரெட்டில் தந்தி உயரம் ஈ பக்கம் 2.4 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. அளவில் இருக்கிறதா பாருங்கள். மிகத் தாழ்வாக இருந்தால் ஒலிப்பது கருவியின் குரல் இல்லை, ஃப்ரெட்டில் தந்தி மோதும் சத்தம். பிறகு ஆம்ப்பில் எல்லா ஈக்வலைசரையும் நடுவில் வைத்து வாசியுங்கள். ஒரே சுரத்தை ஈ தந்தியின் பத்தாம் ஃப்ரெட்டிலும், ஏ தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டிலும், திறந்த டி தந்தியிலும் எடுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது அந்தக் கருவியைப் பற்றி நிறையச் சொல்லும். கடைசியாக, டிரம் ஓடும் ஏதாவது ஒரு பதிவோடு சேர்த்து வாசித்து அதைத் தொலைபேசியில் பதிவு செய்து, அதன் சின்ன ஸ்பீக்கரிலேயே திரும்பக் கேளுங்கள். அதில் பேஸ் வரி காதுக்குப் பிடிபட்டால் மேடையிலும் பிடிபடும்.